மெராப்பிச் சரிவில் முளைக்கும் பச்சை

எரிமலை நிலத்தைப் படம்பிடிக்கப் போகிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் நெருப்பையும் புகையையும்தான் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அவற்றில் பெரிய ஆர்வம் இல்லை. வெடிப்பு அடங்கி, செய்தியாளர்கள் ஊர் திரும்பி, மண் ஆறிய பிறகு அங்கே எது முதலில் முளைக்கிறது, அதன் பின்னால் எது வருகிறது, மனிதர்கள் எப்படித் திரும்புகிறார்கள் என்பதைத்தான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். சிங்கப்பூரில் வசிப்பவருக்கு இதற்கு வாய்ப்பான மலை, இந்தோனேசியாவில் மத்திய ஜாவாவின் மெராப்பி. யோக்யகர்த்தா வரை இரண்டு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான விமானப் பயணம். அங்கிருந்து வடக்கே போனால் வயல்களுக்குப் பின்னால் மலை நிமிர்ந்து நிற்கும். நாம் பேசும் அரைகுறைச் சந்தை மலாயும் அங்கே ஓரளவு செல்லுபடியாகும்.

இப்படி எடுத்த படங்களைப் பார்க்கும் நண்பர்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான்: "நிலம் நன்றாகத் தேறிவிட்டதே, எல்லாம் பச்சையாகிவிட்டதே!" அந்தப் பச்சையை எவ்வளவு நம்பலாம் என்பது பற்றியே இங்கே எழுதுகிறேன்.

முதலில் அங்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2,900 மீட்டருக்கு மேல் உயரமுள்ள மெராப்பி அடிக்கடி சீறும் மலை. அதன் வழக்கமான சீற்றம் என்பது, உச்சியில் பிதுங்கி வளரும் எரிகற்குழம்புக் குவிமாடம் சரிந்து விழுவதுதான். 2010 வேறு மாதிரியானது. அக்டோபர் 26இல் தொடங்கிய வெடிப்பு நவம்பர் 5 நள்ளிரவை ஒட்டி உச்சத்தை எட்டியது. 1872க்குப் பிறகு அந்த மலை கண்ட மிகப் பெரிய வெடிப்பு அது. சூடான வாயுவும் சாம்பலும் கற்களும் ஒன்றாகத் திரண்டு நிலத்தோடு நிலமாகப் பாயும் அனல்மேகம், தெற்குச் சரிவிலுள்ள கெண்டோல் ஆற்றுப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தூரம் இறங்கியது. 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைக்குரிய சடங்குகளைக் கவனிக்க யோக்யகர்த்தா சுல்தானால் நியமிக்கப்பட்ட மலைக்காவலர் மாரிஜான், வெளியேற மறுத்து, கினாரெஜோ கிராமத்திலிருந்த தம் வீட்டிலேயே, வெடிப்பு தொடங்கிய அன்றே உயிர்நீத்தார். சில லட்சம் பேர் முகாம்களுக்குப் போனார்கள். உச்சியின் தென்புறச் சுவர் உடைந்து திறந்துகொண்டதால், இன்றைக்கும் அந்தச் சரிவிலுள்ள காலியடெம் கிராமத்துப் பக்கத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு வாய் பிளந்த பள்ளம் ஒன்று தெரியும். என் படங்கள் எல்லாவற்றிலும் மேல் ஓரத்தில் அந்தப் பள்ளம் இருக்கும், அது தற்செயலானதல்ல.

ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையை நோக்கி, ஆண்டுகள் கடந்து மீண்டும் மீண்டும் எடுப்பதே நான் பின்பற்றும் முறை. இதைச் சொல்வது எளிது. செய்வதற்குப் பொறுமை வேண்டும். கைபேசியிலுள்ள இடங்காட்டி சில மீட்டர் பிசகோடு இடத்தைக் காட்டும். தொலைவிலுள்ள மலையை மட்டும் எடுப்பவருக்கு அந்தப் பிசகு பொருட்டல்ல. முன்னால் கிடக்கும் பாறையையும் சேர்த்து எடுப்பவருக்கு அதுவே படத்தைக் கெடுத்துவிடும். ஆகவே, பழைய படத்தை அச்சிட்டுக் கையோடு கொண்டுபோவேன். அருகிலுள்ள பாறையின் விளிம்பு தொலைவிலுள்ள எந்த முகட்டோடு பொருந்தி நிற்கிறது என்பதைப் படத்தில் பார்த்து, அதே பொருத்தம் கண்ணுக்குக் கிடைக்கும் வரை இடமும் வலமுமாக, முன்னும் பின்னுமாக நகர்வேன். இரண்டு பொருத்தங்கள் ஒரே நேரத்தில் அமைந்தால் நிற்கும் இடம் சரி. முக்காலியின் உயரமும் முன்பிருந்ததே இருக்க வேண்டும். லென்ஸ் எப்போதும் 35 மி.மீ., துளை எஃப்/8. காலம் வறண்ட மாதங்கள், அதாவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நேரம் விடிந்து சிறிது நேரத்திற்குள். எட்டு மணியைத் தாண்டினால் மேகம் ஏறி உச்சியை மூடிவிடும் என்று அந்தப் பக்கத்து ஜீப் ஓட்டுநர்கள் சொல்வது பெரும்பாலும் பலிக்கிறது.

அணைச்சுவர்கள் இந்த வேலைக்குப் பெரிய துணை. மழைக்காலத்தில் சாம்பலும் கல்லும் நீரோடு கலந்து சேற்று வெள்ளமாக இறங்கும்போது அதன் வேகத்தைத் தணிக்க, ஜப்பானிய முறையில் ஆறுகளின் குறுக்கே கான்கிரீட் தடுப்புகள் கட்டியிருக்கிறார்கள். சாபோ என்று அவற்றை அழைக்கிறார்கள். வெடிப்பு முடிந்த பிறகும் இந்தச் சேற்று வெள்ளம் ஓயவில்லை. 2011 ஜனவரியில் மேற்குப் புறத்தில் காலி புத்தே என்னும் ஆற்றில் வந்த வெள்ளம் வீடுகளை அடித்துக்கொண்டு போய், யோக்யகர்த்தாவிலிருந்து மகெலாங் செல்லும் பெருஞ்சாலையையும் துண்டித்தது. மண்ணும் பாறையும் இடம் மாறிக்கொண்டே இருக்கும் இத்தகைய நிலத்தில், பல ஆண்டுகள் அசையாமல் நிற்கும் சுவரின் மூலையே படம் எடுப்பவருக்கு நம்பகமான குறி.

இனி நிறத்துக்கு வருகிறேன். சாம்பல் நிலம் ஒளிமானியை ஏமாற்றும். எதைக் கண்டாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணியே கேமரா ஒளியை அளக்கிறது. காய்ந்த எரிமலைச் சாம்பல் வெளிறிய நிறம். அதுவே மழையில் நனைந்தால் கறுத்துவிடும். தானியங்கி அளவீட்டில் விட்டால் இரண்டையும் ஒரே நடுநிறத்துக்கு இழுத்துவந்து, ஈர ஆண்டும் வறண்ட ஆண்டும் ஒன்றுபோலத் தோன்றச் செய்துவிடும். இதைத் தவிர்க்க, நடுத்தரச் சாம்பல் நிறமுள்ள அட்டை ஒன்றை வெயிலில் பிடித்து அளந்து, கையாலேயே அளவுகளைப் பொருத்திக்கொள்கிறேன். வெண்மைச் சமநிலையும் அப்படியே. விடியற்காலை நிழலில் நிலம் முழுவதும் நீலம் பாய்ந்திருக்கும். கேமரா தன் விருப்பப்படி அதைத் திருத்தப்போய் இலைகளுக்கு மஞ்சளைக் கூட்டிவிடும். புதிதாக விழுந்த சாம்பல் ஏறக்குறைய நிறச்சார்பற்றது என்பதால் அதையே ஆதாரமாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் காற்றும் நீரும் பட்டு, அதிலுள்ள இரும்பு துருவேற ஏற, ஆண்டுகள் செல்லச் செல்லச் சாம்பலே பழுப்பாக மாறும். பழைய சாம்பலை நடுநிறமாக வைத்துத் திருத்தினால் படத்திலுள்ள பச்சை, உண்மையில் அங்கே இல்லாத நீலத்தை வாங்கிக்கொள்ளும். அட்டைதான் பாதுகாப்பு.

துருவக்கண்ணாடி வடிகட்டியையும் இந்த வரிசைப் படங்களுக்கு நான் பயன்படுத்துவதில்லை. இலைகளின் மேலுள்ள பளபளப்பை அது நீக்குவதால் பச்சை அடர்த்தியாகத் தெரியும். பார்க்க அழகாகவும் இருக்கும். ஒருமுறை போட்டும் மறுமுறை போடாமலும் எடுத்துவிட்டு, இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து நிலம் எவ்வளவு தேறியிருக்கிறது பாருங்கள் என்று காட்டினால் அது கண்ணாடியின் வேலையாகத்தான் இருக்கும், மண்ணின் வேலையாக இராது. திருத்தும் மென்பொருளில் பச்சையைக் கூட்டும் பட்டைக்கும் இதே விதி.

கருவிப் பராமரிப்பு பற்றி நிறையப் பேர் கேட்பதால் ஒரு சொல். எரிமலைச் சாம்பல் விறகுச் சாம்பலைப் போல மென்மையானதன்று. கண்ணாடித் துணுக்குகளும் கனிமப் பொடியும் கலந்தது. லென்ஸின் மீது படிந்தால் துணியால் துடைக்கக் கூடாது, காற்றூதியால் ஊதி எடுக்க வேண்டும். வெளியில் லென்ஸ் மாற்றுவதை அடியோடு தவிர்க்கிறேன். வீட்டுக்கு வந்ததும், உலர்பெட்டிக்குள் வைப்பதற்கு முன்பே பையை உதறிவிடுவது நல்லது.

இப்போது முளைப்பவற்றைப் பார்க்கலாம். அழிந்த நிலத்துக்கு உயிர் இரண்டு வழிகளில் திரும்புகிறது. ஒன்று, வெளியிலிருந்து வருவது. 1883இல் கிரக்கத்தோவா வெடித்துச் சிதறியபோது எஞ்சிய தீவு முழுவதும் சாம்பலுக்கடியில் புதைந்தது. மறு ஆண்டு அங்கே சென்ற பிரெஞ்சுக் குழு கண்ட ஒரே உயிர் ஒரு சிறு சிலந்தி. 1886இல், இன்று பொகோர் என்று அழைக்கப்படும் ஊரிலிருந்த தாவரவியல் பூங்காவின் இயக்குநர் மெல்கியோர் டிரூப் போய்ப் பார்த்தபோது, சாம்பல் மீது நீலப்பச்சைப் பாசி மெல்லிய படலமாகப் படர்ந்திருந்தது. அதன் மேல் பெரணிகள் வேர்விட்டிருந்தன. காற்றில் வந்த வித்துத்தூள்களின் வேலை அது. மற்றொரு வழி, அடியிலிருந்து வருவது. சாம்பல் சில அங்குலம் மட்டும் படிந்த இடங்களில், மேலே எல்லாம் கருகிப்போனாலும் மண்ணுக்குள் கிழங்கும் வேர்த்தண்டும் பிழைத்திருக்கும். லாலாங் புல், மூங்கில், வாழை ஆகிய மூன்றும் இவ்வகையில் கெட்டிக்காரச் செடிகள். சிங்கப்பூரில் பாயா லேபார் பக்கம் காலி மனைகளில் வெட்ட வெட்டத் தழைக்கும் லாலாங்கைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

மெராப்பியின் தெற்குச் சரிவில் இவ்விரண்டு வழிகளையும் ஒரே சட்டகத்துக்குள் பிடிக்கலாம் என்பதுதான் எனக்கு அந்த இடத்தின் மேல் உள்ள ஈர்ப்பு. ஆற்றுப் பள்ளத்தின் நடுவில் அனல்மேகம் பல மீட்டர் கனத்துக்கு மண்ணைக் கொட்டியிருக்கிறது. அங்கே எதுவும் அடியிலிருந்து வர முடியாது. விதை வெளியிலிருந்து வந்து விழுந்தாக வேண்டும். இரு கரைகளின் மேட்டில், அனல் மட்டும் வீசிச் சென்ற பகுதியில், மூங்கில் அடித்தூரிலிருந்து துளிர்த்து எழுந்தது. ஆகவே பச்சை முதலில் ஓரங்களில் தொடங்கி, நடுப்பகுதி நெடுநாள் வெற்றாகவே கிடந்தது. அகலமாக எடுத்த ஒரு படத்தில் இந்த வேறுபாடு கோடு கிழித்ததுபோலத் தெரியும்.

ஒருமுறை என் மனைவியும் உடன் வந்திருந்தாள். அவள் கோத்தகிரியில் வளர்ந்தவள். கரை மேட்டில் அடர்ந்து நின்ற இளமரங்களை நான் பாறையோடு பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இறகு போன்ற அதன் இலையைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஏங்க, இது எங்க ஊர்ச் சீகை மரம்தானே? இதை வெட்டித் தள்ளத்தானே அங்கே இத்தனை பாடு?" என்று கேட்டாள். அவள் சொன்னது ஏறக்குறைய சரிதான். மெராப்பியில் பரவியிருப்பது அக்கேசியா டெகுரென்ஸ் என்னும் ஆஸ்திரேலிய மரம். நீலகிரியில் ஆங்கிலேயர் காலத்தில் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாகக் கொண்டுவரப்பட்டு, பின்னர் சோலைக்காடுகளுக்கு நடுவிலுள்ள புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கும் சீகை வகைகளுக்கு நெருங்கிய உறவு.

2010க்கு முன்பே அந்த மரம் மெராப்பிச் சரிவில் ஓரளவு இருந்தது. அதன் விதைக்குக் கடினமான ஓடு உண்டு. பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடக்கும். சூடு பட்டால் ஓடு வெடித்து முளைக்கும். அனல்மேகம் மற்ற மரங்களைக் கருக்கிவிட்டு, இதன் விதைகளை மட்டும் தட்டி எழுப்பிவிட்டது. வேர் முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தனக்கு உரமாக்கிக்கொள்ளும் என்பதால், ஊட்டமற்ற புதுச் சாம்பலிலும் இதற்குத் தட்டுப்பாடு இல்லை. சில ஆண்டுகளுக்குள் மற்ற செடிகளுக்கு வெயில் விடாமல் அடைத்து நின்றது. புஸ்பா போன்ற அந்த மலைக்கே உரிய மரங்கள் மெதுவாக வளர்பவை. அவற்றின் கன்றுகளுக்கு இந்த நிழலில் இடம் கிடைப்பது கடினம்.

அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலை 1980 மே 18இல் வெடித்த பிறகு, அங்குள்ள நுரைக்கல் சமவெளியில் முதலில் வேரூன்றியது லூபின் என்னும் சிறு பூச்செடி. அதுவும் நைட்ரஜனைப் பிடிக்கும் இனம்தான். ஆனால் அது அந்த நிலத்துக்கே உரியது, தரையோடு படர்வது, மடிந்து உரமாகி மற்றவற்றுக்கு வழிவிட்டது. வேலை ஒன்றாக இருந்தாலும் விளைவு ஒன்றல்ல. இரண்டு மலைகளிலும் படம் எடுத்து வெறும் நிறத்தை மட்டும் ஒப்பிடுபவருக்கு மெராப்பிதான் விரைவாகத் தேறியதாகத் தோன்றும்.

செயற்கைக்கோளும் இதில் உதவாது என்பதைக் கொஞ்சம் படித்த பிறகு தெரிந்துகொண்டேன். இலைகள் சிவப்பொளியை உறிஞ்சி அகச்சிவப்பை எதிரொளிப்பதை வைத்துப் பசுமைக் குறியீடு ஒன்றைக் கணக்கிடுகிறார்கள். எங்கே இலை இருக்கிறது என்பதை அது நன்றாகச் சொல்லும். அந்த இலை சீகையுடையதா புஸ்பாவுடையதா என்பதை அந்த எண் தனியாகச் சொல்லாது. என் அகலப் படங்களுக்கும் அதே குறை உண்டு. அதனால் இப்போதெல்லாம் அகலப் படம் எடுத்த கையோடு, சட்டகத்துக்குள் இருக்கும் தரையில் சில சதுரங்களைத் தேர்ந்து, மேலிருந்து நேர்குத்தாக, இலையும் தண்டும் இனங்காணும்படி நெருக்கமாக எடுத்து வைக்கிறேன். அழகற்ற படங்கள். யாரும் விரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு அவையே முக்கியம்.

அங்கு வாழும் மக்களுக்கு இந்த மரத்தின் மீது பகை ஒன்றும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் அதை வெட்டிக் கரி சுடுகிறார்கள். தழையை மாட்டுக்கும் போடுகிறார்கள். கினாரெஜோவிலும் காலியடெமிலும் இனி யாரும் குடியிருக்கக் கூடாது என்று அரசு தடுத்து, கீழே கட்டிக்கொடுத்த குடியிருப்புகளுக்கு அவர்களை மாற்றிவிட்டது. ஆனாலும் பகலில் மேலே ஏறி வந்து, தங்கள் பழைய மனையில் மாட்டுப்புல் வளர்க்கிறார்கள், காப்பிச் செடி வைக்கிறார்கள், சுற்றுலாப் பயணிகளுக்குக் கடை போடுகிறார்கள், இருட்டும் முன் இறங்கிவிடுகிறார்கள். புல்லுக்கட்டைச் சுமந்து வந்த மூதாட்டி ஒருவரிடம், "இபு (அம்மா), படம் எடுக்கலாமா?" என்று கேட்டேன். கட்டை இறக்கிவைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்ட பிறகே தலையசைத்தார். எடுத்த பிறகு, தாம் நின்ற இடம்தான் தம் அடுப்படி இருந்த இடம் என்றார். பின்னணியில் சீகை மரங்களே தெரிகின்றன. அவர் சொல்லியிராவிட்டால் அந்தப் படத்தை ஏதோ காட்டோரம் என்றே எண்ணியிருப்பேன்.

உருகிய பாட்டில்களும், மாட்டின் எலும்புக்கூடும், நள்ளிரவுக்குச் சற்றுப் பின்னர் நின்றுபோன சுவர்க்கடிகாரமும் வைக்கப்பட்டிருக்கும் வீட்டு அருங்காட்சியகம் ஒன்று அங்கே இருக்கிறது. ஜீப்புகள் எல்லாம் அங்கே நிற்கும். அந்தக் கடிகாரத்தை எடுக்காத கேமராவே இருக்காது. நான் அதில் நேரம் செலவிடுவதில்லை.

எனக்குப் பெரிய இடைஞ்சல் மலையன்று, லாரிகள். அனல்மேகமும் சேற்று வெள்ளமும் கொண்டுவந்து குவித்த மணல் கட்டுமானத்துக்கு மிக நல்லது என்பதால், கெண்டோல் ஆற்றில் இயந்திரங்கள் இறங்கித் தோண்டுகின்றன. நடுப்பள்ளத்தில் பெரணியும் புல்லும் தலைகாட்டத் தொடங்கிய திட்டு, அடுத்த ஆண்டு நான் போகும்போது குழியாக இருக்கும். நான் குறியாக வைத்திருந்த பாறைகளுள் ஒன்று அப்படிக் காணாமல் போனது. அதற்காக அந்தத் தொழிலாளர்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. மாட்டை இழந்தவர்களுக்கு உடனே கிடைத்த கூலி அந்த மணலில்தான் இருந்தது, மேலும் சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் பதினோராம் தளத்தில் உட்கார்ந்துகொண்டு கான்கிரீட்டைப் பற்றி உபதேசம் செய்வது எனக்கே உறுத்துகிறது. ஆனால் படங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பவர், நடுப்பள்ளம் இன்னும் வெற்றாகக் கிடப்பதைக் கண்டு இயற்கை தோற்றுவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. அங்கே முளைத்தது தோண்டப்பட்டது.

நேரம் கிடைக்கும்போதெல்லாம், ஊர் திரும்பும் வழியில் பழைய விமான நிலையச் சாலையைத் தாண்டி சம்பிசாரிக்குப் போய்வருவேன். 1966இல் தம் நிலத்தைக் கொத்திக்கொண்டிருந்த உழவர் ஒருவரின் மண்வெட்டி செதுக்கிய கல்லில் பட்டது. தோண்டத் தோண்ட, ஆறு மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் ஒரு சிவன் கோவில் வெளிப்பட்டது. மெராப்பியின் சாம்பலும் மணலும் மூடிய கோவில் அது. வடக்கு மாடத்தில் துர்க்கை, கிழக்கில் பிள்ளையார், தெற்கில் அகத்தியர். நம் முனிவரை அங்கே, தரைமட்டத்துக்குக் கீழே, எரிமலைக் கல்லில் செதுக்கிக் காண்பது தமிழர் எவருக்கும் கொஞ்சம் மெய்சிலிர்க்கும். என் வேலைக்கு அங்கே பயன்படுவது கோவிலைவிட, அதைச் சுற்றி வெட்டப்பட்ட மண்சுவர்தான். அந்த மண்ணுக்கு மேலே வீடுகளும் வயல்களும் இருக்கின்றன. கெண்டோலில் நான் பத்தாண்டு அளவில் பார்ப்பதை இங்கே நூற்றாண்டு அளவில் பார்க்கலாம்: சாம்பல் மண்ணாகி, மண் வயலாகி, அந்த வயலில் விளைந்ததைத் தின்ற தலைமுறைகளுக்கு அடியில் கோவில் இருந்ததே மறந்துபோயிருந்தது. அகலக் கோணத்தில், பள்ளத்தின் விளிம்பும் கோவிலின் முடியும் ஒரே மட்டத்தில் வருமாறு எடுத்தால் இது சொல்லாமலே விளங்கும்.

2020 நவம்பரிலிருந்து மெராப்பி மூன்றாம் நிலை எச்சரிக்கையில் இருந்துவருகிறது. பழைய குவிமாடத்தோடு தென்மேற்கு விளிம்பிலும் ஒன்று வளர்ந்ததால், அனல்மேகங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கமே இறங்கின. 2022 மார்ச்சில் மட்டும் கெண்டோல் பக்கமாகவே வந்து, மேற்சரிவில் முளைத்திருந்தவற்றை மீண்டும் மூடியது. ஆகவே, மேலே இருந்த என் பழைய நிலைகளுக்குப் போக இப்போது வழியில்லை. உள்ளூர்க் கண்காணிப்பு நிலையம் வரையறுத்த எல்லைக்கு வெளியே, கீழேயுள்ள அணைச்சுவர் ஒன்றின் மூலையிலிருந்து புது வரிசை ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். அதில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே நாள், நேரம், லென்ஸ் ஆகியவற்றோடு, கடைசியாகப் பெய்த மழை எப்போது, சட்டகத்தில் தெரியும் பச்சை எந்தெந்தச் செடியுடையது, அங்கே தோண்டியிருக்கிறார்களா என்பதையும் எழுதிவைக்கிறேன். செடிகளின் பெயரில் ஐயம் வந்தால், இலையை எடுத்துக் கோத்தகிரிக்காரியிடம் காட்டுவேன். அவளுக்கும் தெரியாவிட்டால் புல் அறுக்க வரும் பெண்களிடம் கேட்பேன்.